'இஃப்' வரும் இடத்தில் 'வாஸ்' எப்போது, 'வெர்' எப்போது? ஆங்கில நிபந்தனை வாக்கியங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாங்கூழ் ஏற்றுமதி செய்யும் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் மாணவி ஒருத்தி, தான் அனுப்பிய மின்னஞ்சலை வகுப்புக்குக் கொண்டுவந்தாள். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர், வந்த டிரம்களில் ஒன்று நசுங்கியிருப்பதாக எழுதியிருந்தார். இவள் அனுப்பிய பதில்: 'இஃப் தி டிரம் வெர் டேமேஜ்ட், வி வுட் ரீப்ளேஸ் இட்.' வாடிக்கையாளருக்குக் கோபம். "இதில் என்ன சார் தப்பு?" என்று கேட்டாள்.

இலக்கணத்தில் தப்பு இல்லை. ஆனால் அந்த வாக்கியம், 'டிரம் சேதமாகவில்லை. ஒருவேளை அப்படி ஆகியிருந்தால் மாற்றித் தருவோம்' என்று சொல்கிறது. நசுங்கிய டிரம்மைக் கண்ணால் பார்த்தவரிடம் 'நீங்கள் சொல்வது பொய்' என்று சொன்னதுபோல் ஆகிவிட்டது. அவள் எழுதியிருக்க வேண்டியது: 'இஃப் தி டிரம் வாஸ் டேமேஜ்ட், வி வில் ரீப்ளேஸ் இட்.' இஃப் வந்தால் கட்டாயம் வெர் போட வேண்டும் என்று யாரோ அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

தருமபுரியில் மாலை நேரத்தில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். இந்தப் பாடத்தில் இரண்டு வகையாகத் தடுக்கி விழுகிறார்கள். வெர் போட வேண்டிய இடத்திலும் வாஸ் போடுகிறவர்கள் ஒரு வகை. எல்லா இடத்திலும் வெர் போடுகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையைத் திருத்த அரை மணி நேரம் போதும். இரண்டாம் வகைக்குத்தான் நாள் கணக்காகும், ஏனென்றால் அவர்கள் தாங்கள் சரியாக எழுதுவதாகவே நம்புகிறார்கள். கீழே உள்ள வரிசை இரண்டு பேரையும் மனதில் வைத்து அமைத்தது. வரிசையை மாற்றாதீர்கள்; ஒவ்வொரு படியும் முந்தைய படியில் வடிகட்டியதை வைத்துத்தான் வேலை செய்கிறது.

1. தொடங்கும் முன் தேவையானவை

முதலாவது, சாதாரண இறந்தகாலத்தில் வாஸ், வெர் இரண்டும் யாருக்கு வரும் என்பது தடுமாறாமல் தெரிந்திருக்க வேண்டும். ஐ, ஹி, ஷி, இட் ஆகியவற்றுக்கு வாஸ். யூ, வி, தே ஆகியவற்றுக்கு வெர். இது உறுதியாகாதவர் மேலே படிக்க வேண்டாம். வழக்கமான இடம் எது என்று தெரிந்தால்தான், வெர் தன் இடத்தை விட்டு வெளியே வந்து நிற்பது கண்ணில் படும்.

இரண்டாவது, வினைகளின் மூன்றாம் வடிவம். கான், ஈட்டன், ரிட்டன், பாட், நோன் என்று ஐம்பது வினைகளாவது நாக்கில் இருக்க வேண்டும். ஆறாம் படியில் இவை இல்லாமல் ஓர் அடிகூட நகர முடியாது.

மூன்றாவது, ஒரு நோட்டு. இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். இங்கே ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு, வலப்பக்கத்தில் ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். 'வெர்' என்பதைக் குறிலாகவே சொல்லுங்கள். 'வேர்' என்று நீட்டினால் 'எங்கே' என்று கேட்கும் சொல்லாகிவிடும்.

சப்ஜங்டிவ் என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஒன்று நடந்தது, நடக்கிறது என்று சொல்லாமல், நினைத்துப் பார்ப்பதற்கும் விரும்புவதற்கும் வலியுறுத்துவதற்கும் வினை எடுக்கும் வடிவம் அது. இன்றைய ஆங்கில நிபந்தனை வாக்கியங்களில் அது கண்ணுக்குத் தெரியும் இடம் ஏறக்குறைய ஒன்றே ஒன்றுதான்: ஐ, ஹி, ஷி, இட் ஆகியவற்றோடு வாஸ் வர வேண்டிய இடத்தில் வெர் வந்து நிற்பது. மற்ற வினைகளில் அது இறந்தகாலத்தைப் போலவே இருக்கும். இதற்குச் சப்ஜங்டிவ் என்ற பெயரே பொருந்தாது என்று சொல்லும் இலக்கண அறிஞர்களும் உண்டு. பெயர் எதுவானாலும் நமக்கு வேலை ஒன்றுதான்.

2. முதலில் அது நிபந்தனைதானா என்று பாருங்கள்

தக்காளி மண்டியில் எடை போடுவதற்கு முன் அழுகலைப் பிரித்து வைப்பார்கள். அதுபோல, நிபந்தனையே அல்லாத 'இஃப்' வாக்கியங்களை முதலில் ஒதுக்கிவிடுங்கள்.

ஒதுக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, 'ஷி ஆஸ்க்ட் இஃப் தி பஸ் வாஸ் லேட்.' தமிழில் சொல்லுங்கள்: 'பஸ் தாமதமா என்று கேட்டாள்.' தமிழில் 'ஆல்' வரவில்லை, 'ஆ என்று' வந்திருக்கிறது. இது கேள்வி. இங்கே வெர் போடுவது பிழை. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக் குழப்புகிறது. தமிழ் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

மற்றொன்று, பழைய வழக்கம். 'இஃப் தி பஸ் வாஸ் லேட், வி வுட் வாக் டு ஸ்கூல்.' பஸ் வராத நாட்களில் பள்ளிக்கு நடந்தே போவோம் என்று சின்ன வயதுக் கதை சொல்கிறோம். முடிவில் வுட் இருக்கிறதே என்று உடனே வெர் போட்டுவிடுவார்கள். இந்த வுட் கற்பனையைக் காட்டுவதன்று, வழக்கத்தைக் காட்டுவது. இஃப் இருந்த இடத்தில் 'வெனெவர்' வைத்துப் பாருங்கள். வாக்கியம் கெடாமல் நின்றால் வாஸ்தான்.

3. தமிழில் சொல்லி, வால் ஒட்டிப் பாருங்கள்

இந்தப் படிதான் பாடத்தின் உயிர். மீதியெல்லாம் வடிவம் பொருத்தும் வேலை.

நம்முடைய சிக்கல் எங்கிருந்து வருகிறது? 'மழை பெய்தால் விதைப்பேன்' என்கிறோம். மேகம் திரண்டிருக்கும்போதும் இதே வாக்கியம். வானம் வெளுத்துக் கிடக்கும்போது ஏக்கமாகச் சொல்வதும் இதே வாக்கியம். ஆங்கிலம் இரண்டையும் வேறு வேறாகச் சொல்லும். முதலாவது: 'இஃப் இட் ரெய்ன்ஸ், ஐ வில் சோ.' இரண்டாவது: 'இஃப் இட் ரெய்ன்ட், ஐ வுட் சோ.' தமிழ் குரலிலும் சூழலிலும் விட்டுவைப்பதை ஆங்கிலம் வினையில் ஏற்றுகிறது.

அதனால் தமிழ் வாக்கியத்தை எழுதியதும் அதன் பின்னால் ஒரு வாலை ஒட்டுங்கள். வால் இரண்டு வகை.

'…தெரியாது, பார்க்கலாம்.'

'…ஆனால் அப்படி இல்லை.'

'மாங்காய் விலை ஏறினால் கடனை அடைப்பேன், தெரியாது, பார்க்கலாம்.' ஒட்டுகிறது. இது திறந்த நிபந்தனை. வெர் வேண்டாம்: 'இஃப் தி ப்ரைஸ் கோஸ் அப், ஐ வில் பே ஆஃப் தி லோன்.'

'நான் கலெக்டராக இருந்தால் இந்தச் சாலையை அகலப்படுத்துவேன். ஆனால் அப்படி இல்லை.' ஒட்டுகிறது. வெர் வேண்டும்: 'இஃப் ஐ வெர் தி கலெக்டர், ஐ வுட் வைடன் திஸ் ரோடு.'

எதிர்காலத்துக்கு இரண்டாம் வாலைச் சற்று மாற்றிக்கொள்ளுங்கள்: 'ஆனால் அப்படி நடக்கும் என்று நான் நினைக்கவில்லை.' உலகத்தில் எது உண்மை என்பதைவிட, பேசுகிறவர் எதை நம்புகிறார் என்பதே இங்கே முக்கியம். ஒரே செய்தியை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லலாம். இரண்டுமே சரியாக இருக்கும். லாட்டரியில் நம்பிக்கை உள்ளவர் 'இஃப் ஐ வின்' என்பார், நம்பிக்கை இல்லாதவர் 'இஃப் ஐ வன்' என்பார்.

டிரம் மின்னஞ்சலுக்கு வால் ஒட்டிப் பாருங்கள். 'டிரம் நசுங்கியிருந்தால் மாற்றித் தருவோம், தெரியாது, பார்க்கலாம்.' அவள் சொல்ல நினைத்தது இதுதான். எழுதியது மற்ற வாலுக்குரிய வாக்கியம்.

4. காலத்தைப் பிரியுங்கள், வடிவத்தை நம்பாதீர்கள்

'இஃப் ஹி கேம் டுமாரோ' என்று எழுதினால் வகுப்பில் பாதிப் பேர் கை தூக்குவார்கள். நாளைக்கு எப்படி சார் இறந்தகாலம் வரும்?

நம் வாயிலேயே அது தினமும் வருகிறது. 'நாளை வந்தான்' என்று யாரும் சொல்ல மாட்டோம். 'நாளை வந்தால்' என்று தயங்காமல் சொல்கிறோம். வந்தான், வந்தாள், வந்தால் மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே இறந்தகால அடி. போனான், போனால், படித்தான், படித்தால். தமிழ் நிபந்தனை இறந்தகால அடியின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது, ஆனால் அதில் இறந்தகாலப் பொருள் இல்லை. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வரும் கன்னட வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் 'நாளெ பந்தரெ' என்பார்கள். அங்கும் இதே கதைதான்.

ஆகவே 'இஃப் ஹி கேம்' என்பதைப் புதுமையாகப் பார்க்க வேண்டியதில்லை. வினை ஒரு படி பின்னால் போவது காலத்தைக் காட்ட அன்று, தொலைவைக் காட்ட: உண்மையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்ற தொலைவு.

இரண்டாம் வால் ஒட்டிய வாக்கியங்களை மட்டும் எடுத்து, நிபந்தனை எந்தக் காலத்தைப் பற்றியது என்று நோட்டின் ஓரத்தில் எழுதுங்கள். இன்று அல்லது நாளை என்றால் ஐந்தாம் படி. நேற்று அல்லது அதற்கு முன் என்றால் ஆறாம் படி. இதைச் செய்யாமல் தாவுகிறவர்கள்தான் 'இஃப் ஐ வெர் தேர் யெஸ்டர்டே' என்று எழுதுகிறார்கள்.

5. இன்றும் நாளையும்: வெர், எதிர்ப்பக்கம் வுட்

'பி' வினை (இஸ், ஆர், வாஸ், வெர் ஆகியவற்றின் மூல வினை) வந்தால் எல்லோருக்கும் வெர். ஐ வெர், ஹி வெர், இட் வெர். வேறு வினை வந்தால் சாதாரண இறந்தகால வடிவம்: இஃப் ஐ ஹேட், இஃப் ஷி நியூ, இஃப் தே ஓன்ட்.

'இஃப் மை ஃபாதர் வெர் ஹியர், ஹி வுட் லாஃப்.' அப்பா இங்கே இல்லை.

'இஃப் வி ஓன்ட் எ போர்வெல், வி வுட் க்ரோ ரோசஸ்.' ஆழ்துளைக் கிணறு இல்லை.

முடிவுப் பகுதியில் வுட், குட், மைட் மூன்றில் ஒன்று வர வேண்டும். வில் வந்தால் வாக்கியத்தின் ஒரு கால் கற்பனையிலும் மற்றொரு கால் நிஜத்திலும் நிற்கும். உறுதியாகச் சொன்னால் வுட், முடியும் என்றால் குட், ஒருவேளை என்றால் மைட்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, இஃப் பக்கத்திலும் வுட் போடுவது: 'இஃப் ஐ வுட் பி ரிச்.' இரண்டு பக்கமும் கற்பனைதானே, இரண்டிலும் இருந்தால் என்ன என்று தோன்றும். இஃப் பக்கத்தில் அந்த வேலையை வெர் ஏற்கெனவே செய்துவிட்டது. ஒரு விலக்கு உண்டு. 'இஃப் யூ வுட் கைண்ட்லி வெயிட்' என்று மரியாதையாகக் கேட்கும்போது வுட் வரலாம். அங்கே அது 'மனமுவந்து செய்வீர்களானால்' என்ற பொருளில் நிற்கிறது.

விலை பேசுகிறவர்களுக்கு 'வெர் டு' என்ற வடிவம் மிகவும் உதவும். 'இஃப் யூ வெர் டு ரெட்யூஸ் தி ப்ரைஸ், வி வுட் ஆர்டர் மோர்.' நேரடியாகக் குறைக்கச் சொல்லாமல், 'நீங்கள் குறைப்பதாக வைத்துக்கொண்டால்' என்று தள்ளி நின்று கேட்பது. எதிர்காலத்துக்கு மட்டுமே இது. 'இஃப் ஐ வெர் டு நோ ஹிம் நவ்' என்று அறிதல், விரும்புதல் போன்ற நிலைகளுக்கு வைத்தால் ஒட்டாது.

பேச்சில் 'இஃப் ஐ வாஸ்' கேட்கிறதே என்பீர்கள். ஆம், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பேசும்போது தாராளமாகச் சொல்கிறார்கள். யாரையும் அதற்காகத் திருத்தப் போகாதீர்கள். தேர்வு, விண்ணப்பம், அலுவலகக் கடிதம் ஆகியவற்றில் வெர் எழுதுங்கள். 'இஃப் ஐ வெர் யூ' என்ற அறிவுரைத் தொடரில் மட்டும் பேச்சிலும் வெர்தான் வைத்துக்கொள்ளுங்கள், அது அப்படியே உறைந்துபோன தொடர்.

6. நேற்று: இங்கேதான் அதிகம் விழுகிறார்கள்

நடக்காத நேற்றைச் சொல்ல வெர் போதாது. வெர் ஏற்கெனவே ஒரு படி பின்னால் போய் இன்றைய கற்பனைக்கு வேலை செய்கிறது. நேற்றைய கற்பனைக்கு இன்னொரு படி பின்னால் போக வேண்டும்: ஹேட், அதோடு மூன்றாம் வடிவம். முடிவுப் பகுதியில் வுட் ஹேவ், அதோடு மூன்றாம் வடிவம்.

தகடூர் அதியமான் நெல்லிக்கனியைத் தானே உண்ணாமல் அவ்வைக்குக் கொடுத்த கதை நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதைக் கவிழ்த்துப் பாருங்கள். 'அதியமான் கனியைத் தானே உண்டிருந்தால், அவ்வை அந்த நன்றிப் பாட்டைப் பாடியிருக்க மாட்டார்.' வால்: ஆனால் அப்படி இல்லை, கொடுத்துவிட்டான். ஆங்கிலத்தில்: 'இஃப் அதியமான் ஹேட் ஈட்டன் தி ஃப்ரூட் ஹிம்செல்ஃப், அவ்வை வுட் நாட் ஹேவ் சங் தட் போயம்.'

இதுவரை எளிது. சிக்கல், நேற்றைப் பற்றிய எல்லா நிபந்தனையும் கற்பனை அல்ல என்பதில் இருக்கிறது. நேற்று நடந்ததா இல்லையா என்று தெரியாமலும் நாம் பேசுகிறோம்.

தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். விசாரிக்கிற அதிகாரி சொல்கிறார்: 'இஃப் தி லாரி வாஸ் ஓவர்லோடட், தி ஓனர் வில் பே எ ஃபைன்.' அதிக பாரமா இல்லையா என்பது அவருக்கு இன்னும் தெரியாது. 'தெரியாது, பார்க்கலாம்' வால் ஒட்டுகிறது. இங்கே வாஸ் மட்டுமே சரி. வெர் போட்டால், பாரம் அதிகம் இல்லை என்று அவரே முடிவு கட்டிவிட்டதாக ஆகும். இன்னொன்று: 'இஃப் ஹி வாஸ் அட் ஹோம் யெஸ்டர்டே, ஹி மஸ்ட் ஹேவ் ஹேர்ட் தி நாய்ஸ்.' வீட்டில் இருந்தானா என்று ஊகிக்கிறோம். இங்கே கொண்டுபோய் வெர் வைக்கிறவர்கள், படித்தவர்களில்தான் அதிகம்.

தமிழ் இந்த இடத்தில் நம்மைக் கைவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 'லாரியில் பாரம் அதிகமாக இருந்திருந்தால்' என்று அதிகாரியும் சொல்வார். பாரம் இல்லை என்று தெரிந்த உரிமையாளரும் அதையே சொல்வார். 'இருந்திருந்தால்' என்றதும் ஹேட் பீன் என்று கை தானாக எழுதக் கூடாது. வாலை ஒட்டாமல் இந்தப் படியைத் தாண்டவே கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பது இதற்காகத்தான்.

பன்மையில் இன்னொரு கண்ணி. 'இஃப் தி டிரம்ஸ் வெர் டேமேஜ்ட்' என்று எழுதினால் அந்த வெர் சாதாரண இறந்தகாலமா, கற்பனையா? அந்தச் சொல்லை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. பன்மைக்கு இரண்டும் ஒன்றே. முடிவுப் பகுதியில் வில் இருந்தால் முதலாவது, வுட் இருந்தால் இரண்டாவது. சந்தேகம் வந்தால் எழுவாயை ஒருமையாக்கிப் பாருங்கள், உங்கள் மனதில் இருப்பது வாஸா வெர்ரா என்று தெரிந்துவிடும்.

7. நேற்றும் இன்றும் கலந்தால்

பள்ளியில் மூன்று வகை என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே திணறுவார்கள். காரணம் நேற்றையது, விளைவு இன்றையது என்றால் இரண்டு படிகளையும் கலக்க வேண்டும்.

2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 'அன்று பிரிக்காமல் இருந்திருந்தால், ஓசூர்க்காரர்கள் இன்றும் கலெக்டர் அலுவலகத்துக்குத் தருமபுரிக்கே வர வேண்டியிருக்கும்.' ஆங்கிலத்தில்: 'இஃப் தி டிஸ்ட்ரிக்ட் ஹேட் நாட் பீன் டிவைடட், ஓசூர் பீப்பிள் வுட் ஸ்டில் ஹேவ் டு கம் டு தருமபுரி.' முன்பகுதி ஆறாம் படி, பின்பகுதி ஐந்தாம் படி. பின்பகுதியில் வுட் ஹேவ் கம் என்று எழுதினால் 'இன்றும்' என்ற சொல் அநாதையாகிவிடும்.

மாறியும் வரலாம். 'இஃப் ஐ வெர் எ பிரேவ் மேன், ஐ வுட் ஹேவ் ஸ்போக்கன் அப் யெஸ்டர்டே.' துணிச்சல் என்பது என்றும் உள்ள குணம், அதனால் வெர். பேசாமல் இருந்தது நேற்று, அதனால் வுட் ஹேவ்.

8. இஃப் இல்லாமல் எழுதுவது

இது கடைசியில்தான் வர வேண்டும். முதலிலேயே இதைப் பிடித்துக்கொண்டால் அலங்காரம் மட்டும் மிஞ்சும்.

இஃப்பை எடுத்துவிட்டு வினையை முன்னால் கொண்டுவரலாம். இப்படி முன்னால் வருபவை மூன்று மட்டுமே: வெர், ஹேட், ஷுட்.

'வெர் ஐ தி கலெக்டர்…' சரி. 'வாஸ் ஐ தி கலெக்டர்…' கேள்வியாகிவிடும். பேச்சில் வாஸ் எவ்வளவு புழங்கினாலும் இந்த இடத்தில் அதற்கு அனுமதி இல்லை.

'ஹேட் ஐ நோன், ஐ வுட் ஹேவ் கம்.' தெரிந்திருந்தால் வந்திருப்பேன். எதிர்மறையில் 'நாட்' எழுவாய்க்குப் பின்னால்: 'ஹேட் ஹி நாட் கம்.' 'ஹேடன்ட் ஹி கம்' என்று சுருக்கி முன்னால் வைக்கக் கூடாது. 'வெர் இட் நாட் ஃபார் தி காவேரி, ஒகேனக்கல் வுட் பி ஒன்லி ராக்' என்பதிலும் இதே ஒழுங்கு.

ஷுட் மட்டும் வேறு குடும்பம். 'ஷுட் தி வாட்டர் ரைஸ், கோரக்கிள் ரைட்ஸ் வில் பி ஸ்டாப்ட்.' தண்ணீர் உயர்ந்தால் பரிசல் நிறுத்தப்படும். இது திறந்த நிபந்தனை, அதனால் முடிவில் வில். இங்கே ஷுட் என்பதை 'வேண்டும்' என்று மொழிபெயர்த்து 'தண்ணீர் உயர வேண்டும்' என்று படித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இஃப்பையும் வைத்துக்கொண்டு வினையையும் முன்னால் கொண்டுவருவது ('இஃப் வெர் ஐ') இரண்டு குதிரையில் கால் வைப்பது.

9. பக்கத்து வீடுகள், சுருக்கமாக

'ஐ விஷ் ஐ வெர் டாலர்' (இன்னும் உயரமாக இருந்தால் நன்றாக இருக்குமே): இரண்டாம் வால், அதனால் வெர். நடக்கக்கூடியதற்கு விஷ் வேண்டாம், ஹோப் போடுங்கள்.

'ஹி டாக்ஸ் அஸ் இஃப் ஹி வெர் தி ஓனர்': முதலாளி அல்ல. 'ஹி லுக்ஸ் அஸ் இஃப் ஹி இஸ் டயர்ட்': களைத்துத்தான் இருக்கிறான் போலும். இங்கும் வால் ஒட்டினால் தெரிந்துவிடும்.

'தி டாக்டர் இன்சிஸ்டட் தட் ஹி டேக் ரெஸ்ட்': டேக்ஸ் அன்று, டேக். இதுவும் சப்ஜங்டிவ்தான், ஆனால் நிபந்தனையோடு இதற்கு உறவில்லை. 'இஃப் நீட் பி' என்ற தொடரில் வரும் 'பி'யும் இந்தக் குடும்பத்தின் பழைய உறுப்பினர். அந்தத் தொடரோடு அதை விட்டுவிடுங்கள், 'இஃப் ஹி பி லேட்' என்று புதிதாக எதையும் எழுதிப் பார்க்க வேண்டாம்.

10. நோட்டில் செய்து பாருங்கள்

மூடிவைத்துவிட்டு, இடப்பக்கத்தில் இவற்றை எழுதி, வால் ஒட்டி, பிறகு விடையைப் பாருங்கள்.

'கிருஷ்ணகிரி அணையில் இன்று 52 அடி தண்ணீர் இருந்தால் நெல் நடலாம்' என்று காய்ந்த வயலில் நின்று ஒருவர் சொல்கிறார். 52 அடி என்றால் அணை நிறைந்துவிட்டது என்று பொருள்; அவ்வளவு இல்லை என்று அவருக்குத் தெரியும். 'இஃப் தி டேம் வெர் ஃபுல், வி குட் பிளான்ட் பேடி.' நடலாம் என்பதால் குட்.

'புளி காய்ந்துவிட்டதா என்று அம்மா கேட்டார்.' இரண்டாம் படியிலேயே நின்றுவிடும். 'அம்மா ஆஸ்க்ட் இஃப் தி டாமரிண்ட் வாஸ் ட்ரை.'

'மழை பெய்தாலும் சந்தை நடக்கும்.' இனி வரும் மழை என்றால் 'ஈவன் இஃப் இட் ரெய்ன்ஸ்', முடிவில் வில். பெய்த மழையைச் சொல்லி 'பெய்தாலும் நடந்தது' என்றால் அங்கே இஃப்பே வராது, 'ஆல்தோ இட் ரெய்ன்ட்' என்று எழுத வேண்டும்.

'அவன் நேற்று மண்டிக்குப் போயிருந்தால் விலை தெரிந்திருக்கும்.' இதற்கு விடை இரண்டு. போனானா என்று தெரியாவிட்டால்: 'இஃப் ஹி வென்ட் டு தி மார்க்கெட் யெஸ்டர்டே, ஹி வில் நோ தி ப்ரைஸ்.' போகவில்லை என்று தெரிந்தால்: 'இஃப் ஹி ஹேட் கான் டு தி மார்க்கெட் யெஸ்டர்டே, ஹி வுட் நோ தி ப்ரைஸ்.' தேர்வுத் தாளில் இப்படி ஒரு வாக்கியம் வந்தால், அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளில் தேடுங்கள். மண்டியில் நின்று யாராவது உங்களிடம் சொன்னால், எழுதுவதற்கு முன் அவரையே கேட்டுவிடுங்கள்: போனானா, போகவில்லையா?